முத்துவீரனின் காது வைத்தியம்

சுடச்சுட வெள்ளைப்பூண்டு எண்ணெய் வலது காதுக்குள் இறங்கியதும் முத்துவீரன் போட்ட கூச்சல், மாவனல்லை பஸ் நிலையம் வரை கேட்டிருக்கும்.

"சூடு கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்று நிதானமாக விசாரித்தார், எண்ணெய் ஊற்றிய பக்கத்து வீட்டு இராமையா.

"காது வெந்தே போச்சுடா, பாவி!"

முத்துவீரனின் மனைவி புஷ்பம் ஓடிவந்து போத்தலைப் பிடுங்கினாள். கையை ஆட்டினாள். உதடுகள் படபடத்தன.

"பாத்தியா? வாய் அசையுது, எனக்கு ஒன்னும் கேக்கல."

"பொண்டாட்டி சத்தம் கேக்கலேன்னு வைத்தியம் பாக்குற மொத ஆளு நீதான்டா! முனியாண்டிக்குத் தேங்காய் ஒடைச்சிட்டு நிம்மதியா இரேன்!"

ஆனால் அது சாதாரணக் குரலா? மேல்மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தபடி புஷ்பம் ஓர் அதட்டல் போட்டால், கீழே லயத்து வீடுகளில் அடுப்பு அணையும். காலில் கடித்த அட்டை மன்னிப்புக் கேட்டு இறங்கிப்போகும். ஃபெக்டரியில் முப்பது வருடம் ரோலர் மெஷினோடு நின்று காது மந்தமான புருஷனுக்குக் கேட்க வேண்டுமே என்று அவள் வளர்த்த குரல் அது.

மூன்று மாதமாக அது அவரை எட்டவில்லை. திட்டு வாங்காமல் சோறு இறங்கவில்லை.

மெஷின் இரைச்சல் பெண் குரல் மாதிரிக் கீச்சுச் சத்தத்தைத்தான் முதலில் தின்னும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கம்பெனி கொடுத்த காதுமூடியோ பொட்டு வைக்கப்பட்டு, சாமிப் படத்தின் பக்கத்தில் தொங்கியது. வெளிநாட்டுக்காரர்கள் பரிசோதனைக்கு வரும் நாளில் மட்டும் அதற்கு விடுதலை.

எண்ணெயை எடுக்க முத்துவீரன் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி விட்டார். குச்சி வந்தது, பஞ்சு வரவில்லை. பஞ்சை எடுக்க உப்புத்தண்ணீர் ஊற்றினார். பஞ்சு ஊறி உப்பியது. இடது காது கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று அதற்கும் அத்தனை மரியாதையும் செய்தார்.

இப்போது ரோலர் மெஷினே கொசு மாதிரி முனகியது. ஃபெக்டரி பொறுப்பாளரான டீமேக்கர் பின்னால் நின்று கத்தியும் திரும்பாததால், "காது சரியானா மட்டும் மெஷின் பக்கம் வா" என்று சைகையில் சொல்லி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் புஷ்பத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னைய ஏதாச்சும் திட்டு புள்ள. ஒரே ஒரு வார்த்த."

அவள் அவர் காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னாள். சூடான மூச்சு மட்டும் பட்டது. தொண்டையைத் தொட்டுக் காட்டி அவள் அழுதாள்.

"அழுவாத. காதுதானே போச்சு, உசுரா போச்சு?"

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு மாவனல்லை டாக்டர் ஸப்வானிடம் போனார். டாக்டர் தோண்டத் தோண்ட, ஒரு தலையணைக்கான பஞ்சு வந்தது.

"காதுக்குள்ள கறி தாளிச்சீங்களா?" என்றார் டாக்டர். "இனி எண்ணெய், குச்சி ஒன்னும் போட வேணாம். மெஷினடிக்கு காதுமூடி இல்லாம போகவும் வேணாம். போன அளவு திரும்பி வராது, மிச்சத்தையாவது காப்பாத்துங்க."

நர்ஸ் நிலுஷா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "பலாப்பழம்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"பலாப்பழம்!"

"கருவாடு."

"கருவாடு!"

மூலையில் ஃபேன் கிறீச்சிட்டது கேட்டது. வெளியே லொத்தர்ச் சீட்டுக்காரன் கூவுவதும் கேட்டது. முத்துவீரனுக்குத் தலைகால் புரியவில்லை. புஷ்பத்தின் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப திட்டு புள்ள!"

காத்திருந்தார். கண்ணைத் திறந்தார். உதடுகள் அசைந்துகொண்டுதான் இருந்தன.

"ஐயோ டாக்டர், இன்னும் கேக்கலீங்களே!"

டாக்டர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப்போய் புஷ்பத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

"இது அவருட காதுட பிழை இல்ல. அம்மா, ஒங்கட குரல் போய் எத்தன மாசம்?"