லாரி இல்லாத என்ஜின்

ஊரில் எல்லோரும் லாரி வாங்குவார்கள், அதோடு ஒரு என்ஜினும் வரும். என்ஜினை மட்டும் வாங்கி வந்துவிட்டு, "லாரி எதுக்கு சார்?" என்று கேட்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் டீசல் மாமாதான். போன ஜென்மத்தில் யாருக்கு என்ன கெடுதல் செய்தேனோ, அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன்.

சிட்லபாக்கத்தில் ரிடையர் ஆனவர்களுக்கு வேலையா இல்லை? ஏரிக்கரையில் நடக்கலாம். அசோசியேஷன் மீட்டிங்கில் சண்டை போடலாம். பால் பாக்கெட் லேட்டாக வந்ததைப் பற்றி மத்தியானம் வரை பேசலாம். மாமாவுக்கு இதெல்லாம் பற்றவில்லை. அவர் ஒரு லாரி கம்பெனியின் கணக்குப் பிரிவில் தலை நரைக்கும் வரை டீசல் பில் எழுதியவர். ரிடையரான கொஞ்ச நாளில் படப்பைப் பக்கம் போனவர், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்திலிருந்து ஆறு சிலிண்டர் லாரி என்ஜின் ஒன்றை மினி வேனில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அதை போர்டிகோவில் இறக்க ஆள் போதவில்லை. ஆபீசுக்குக் கிளம்பி மாடிப்படி இறங்கிய நான் மாட்டிக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை.

"இது எதுக்கு மாமா?"

"இது மாதிரி என்ஜினெல்லாம் குடிச்ச டீசலுக்கு நான்தான் சார் இத்தனை வருஷமா பில் எழுதினேன். உள்ள போய் அந்த டீசல் என்ன பண்றதுன்னு ஒரு நாளாவது பாத்திருக்கேனா? கழட்டிப் பாக்கணும். மறுபடி மாட்டணும். அது ஓடற சத்தத்தை என் காதால கேக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! அந்த 'அவ்வளவுதான்' என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் விழுங்கிவிட்டது.

மாமாவுக்கு ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாது. நான் அதற்கும் கீழே. அதனால் துணைக்கு ஒரு பாயைப் பிடித்தார். மேற்கு தாம்பரத்தில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். பாய் ஞாயிறு தவறாமல் வருவார், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார், மாமி கொடுக்கும் காபியைக் குடிப்பார்.

"பாய், இந்த நட்டு அசைய மாட்டேங்கறதே?"

"நான் விக்கிறவன் மாமா, மாட்றவன் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இந்தப் பக்கம் சுத்துனா கயலும், அந்தப் பக்கம் சுத்துனா மாட்டும். இத்த தெரிஞ்சிக்கினா பாதி மெக்கானிக்கு."

இப்படியாக, ஒன்றும் தெரியாத மூன்று பேர் சேர்ந்து அந்த என்ஜினைப் பிரித்தோம். மண்ணெண்ணெயில் கழுவும் வேலை எனக்கு. என் தலையணை நாறியது, டிபன் பாக்ஸ் நாறியது. பீச் போகும் ரயிலில் என் பக்கத்து சீட் மட்டும் எப்போதும் காலியாக இருந்தது. இந்த விவகாரத்தில் நான் கண்ட லாபம் அது ஒன்றுதான்.

கணக்கு எழுதியவர் அல்லவா, மாமாவுக்கு வரிசை முக்கியம். கழற்றிய வரிசையிலேயே சாமான்களை அடுக்கி வைத்தால், பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். அடுக்குவதற்குத் தோதாக வீட்டில் என்ன இருந்தது? மாமியின் கொலுப்படி! பரணிலிருந்து இறக்கி ஹாலில் நிறுத்தி, மேல்படியில் வால்வு, அதற்குக் கீழே ஸ்பிரிங், அதற்கும் கீழே பிஸ்டன் என்று அடுக்கிவிட்டார்.

"கணக்கப்பிள்ளைக்குத்தான் என்னைக் கட்டிக் குடுத்தா எங்கப்பா. பட்டறையில குடித்தனம் பண்ணுவேன்னு யார் கண்டா?" என்று மாமி என்னிடம் அலுத்துக்கொள்வார். நானும் அலுத்துக்கொள்வேன். அந்த வீட்டில் அலுத்துக்கொள்ளாத ஒரே ஆள் மாமா.

நவராத்திரி வந்தது.

"படியைக் காலி பண்ணுங்கோ" என்றார் மாமி.

"வரிசை கலைஞ்சா என் கதை முடிஞ்சுதுடீ!"

"கல்யாணமான வருஷத்துலேர்ந்து கொலுவை விட்டதில்லை. உங்க இரும்புக்காக விடுவேனா?"

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே அந்த வருடம் சிட்லபாக்கத்தில் அப்படி ஒரு கொலு. வால்வுகளுக்கு நடுவில் மரப்பாச்சி, பிஸ்டன்களுக்குப் பக்கத்தில் மளிகைக்கடை விரித்த செட்டியாரும் செட்டியாரம்மாவும். சுண்டலுக்கு வந்த ஒரு பெண்மணி, "இது என்ன மாமி, புதுசா, கறுப்பா?" என்று பிஸ்டனைக் காட்டிக் கேட்டார். "அது எங்காத்து மாமா வாங்கின பொம்மை" என்றார் மாமி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். சரஸ்வதி பூஜையன்று எல்லாச் சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா அன்று முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு படியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

விஜயதசமியன்று மாமி கறாராகச் சொல்லிவிட்டார். "தீபாவளிக்குள்ள இது ஒரு தடவையாவது ஓடணும். ஓடலேன்னா மறுநாள் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவேன். என் ஹால் எனக்கு வேணும்." மாமா தலையாட்டினார். மாமி சொன்னால் செய்கிறவர் என்று தெருவுக்கே தெரியும்.

மறுநாள் மாமா ஏதோ வாங்க பாய் கடைக்குப் போயிருந்தபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் பொம்மைகளை எடுத்து வைக்க மாமிக்கு உதவிக்கு வந்தார்கள். ஒத்தாசை செய்ய வந்தவர்கள் பாதியில் விடுவார்களா? பொம்மை, வால்வு, ஸ்பிரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பொம்மை மூட்டைகளை ஒரு டிரங்குப் பெட்டியிலும் இரும்பு மூட்டைகளை இன்னொன்றிலும் போட்டு மூடிவிட்டார்கள். மாமா திரும்பி வந்து காலிப் படியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வரிசை போச்சு.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு நாய்கூடப் படாது. எதை எங்கே மாட்டுவது என்று பாய் ஒன்று சொல்ல, மாமா ஒன்று சொல்ல, மாட்டியதைக் கழற்றி, கழற்றியதை மாட்டி, ஒரு வழியாகக் கடைசி பிஸ்டனுக்கு வந்தோம். மாமா அந்த மூட்டையைப் பிரித்தார். உள்ளே செட்டியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாய் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இவுரு உள்ள போவ மாட்டாரு மாமா. தொப்பை இடிக்கும்."

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை. பிஸ்டன் பொம்மைப் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி மாமியின் பொறுப்பில் பரணில் இருக்கிறது. தீபாவளி நெருங்கிவிட்டது.

"படுக்க வெச்ச பொம்மையை அடுத்த நவராத்திரிக்கு முன்னாடி எழுப்பக்கூடாது" என்றார் மாமி. அதற்கு மேல் பேச்சில்லை. மாமாவும் கெஞ்சவில்லை. மடியில் செட்டியாரை வைத்துக்கொண்டு, அரைகுறை என்ஜினுக்குப் பக்கத்தில் போர்டிகோவிலேயே உட்கார்ந்திருந்தார். தொலைந்தது சனியன், இனி ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை மாமியே போர்டிகோவுக்கு வந்தார். கையில் பிஸ்டன். புளி போட்டுத் தேய்த்திருந்தார் போலிருக்கிறது, பூஜைச் சொம்பு மாதிரி பளபளத்தது. "செட்டியாரைக் குடுங்கோ" என்றார். "செட்டியாரம்மா தனியா இருக்கா."

தீபாவளிக்கு முந்தின நாள் பாய் லாரி பேட்டரி கொண்டு வந்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு செல்ஃப் ஸ்டார்ட்டரைத் தட்டினார். ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு கன்னங்கரேலென்று ஒரு புகை, அதற்குள்ளிருந்து ஒரு முழக்கம்! ஜன்னலெல்லாம் அதிர்ந்தது, பக்கத்து வீட்டு நாய் ஏரிப் பக்கம் ஓடியது. மாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றார். மாமா என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணிலிருந்து வழிந்ததற்குப் புகைதான் காரணம் என்று பாய் சொன்னார். நாங்களும் சரி என்றோம்.

"ஓடறதைப் போய் வீட்ல கட்டிப் போடக்கூடாது" என்று மாமா அதை பாயிடமே கொடுத்துவிட்டார். பாயின் மச்சானிடம் என்ஜின் போன தண்ணீர் லாரி ஒன்று இருந்தது. அதில் ஏறிக்கொண்டு அந்த என்ஜின் வாரம் தவறாமல் எங்கள் தெருவுக்கே வந்தது. பெண்கள் குடத்தோடு ஓடுவார்கள். மாமா பேனட்டுக்குப் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பார்.

சில வருடம் கழித்துப் பெங்களூரிலிருந்த மகன் இருவரையும் அழைத்துப் போய்விட்டான். அப்பாடா என்றிருந்தது. முதல் வாரமே போன். "சார், தண்ணி லாரி வந்தா உங்க செல்லைக் கொஞ்சம் பேனட்கிட்ட பிடிங்கோ."

பிடித்தேன். வேறென்ன செய்ய? குடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு லாரியைப் போனில் பேசவைத்தேன். தெருவில் எனக்கும் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள், நான் விசாரிக்கவில்லை. "ஒரு வால்வு டிக்டிக்குனு அடிக்கறது, டிரைவர்கிட்ட சொல்லுங்கோ" என்பார் மாமா. லாரி டிரைவர் சேகர் தலையில் அடித்துக்கொள்வான். "பெங்களூர்ல குந்திகினு இங்க கீற வால்வு கேக்குதாமா அவுருக்கு? பெரிய பேஜாரா கீது சார்." ஆனால் அடுத்த வாரம் அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் வருவான்.

ஒரு மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். பெங்களூர் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தேன். இனிமேல் லாரி வரும் காலையில் நிம்மதியாகக் காபி குடிக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாரி வந்ததும் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு பேனட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

கொஞ்ச நாள் கழித்து, லாரி தெருவில் நிற்கும் நேரத்தில் போன் அடித்தது. மாமாவின் நம்பர். மாமி பேசினார்.

"லாரி வந்துதா சார்?"

"வந்திருக்கு மாமி."

"கொஞ்சம் பிடிங்கோளேன். ஆத்துல சத்தமே இல்லை."

பேனட் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். குடங்களெல்லாம் நிறைந்துவிட்டன. ஹோஸைச் சுருட்டிப் போட்ட பிறகும் சேகர் வண்டியை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தான். எனக்குக் கை வலித்தது. மற்றொரு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.