படம் நின்றுபோன வெள்ளிக்கிழமை

தெரியாத விஷயத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். தெரிந்த விஷயத்தைப் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இது என் பிறவிக் குணம். வீட்டில் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டேன் (ஒப்புக்கொள்ளாவிட்டால் விடமாட்டார்கள்). ஆனால் இந்தக் குணம் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கதையை முழுதாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்போது நான் அமீரகத்தில் புஜைராவில் இருந்தேன். எண்ணெய்க் கிடங்குகளில் வேலை எடுத்துச் செய்யும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட், கையுறை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஊரில் கேட்டால் "ஆயில் ஃபீல்டுல மெட்டீரியல் சைடு பாக்குறேன்" என்பேன். கேட்டவர்களும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

ரூமில் நாங்கள் நாலு பேர். கீழக்கரை காஜா பாய் மொபைல் கடை வைத்திருந்தார். ராமநாதபுரத்துச் செல்வராஜ் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். யாழ்ப்பாணத்துக் குகன் ஒரு ஷிப்பிங் ஆபீசில் அக்கவுண்டன்ட். ஆளுக்கொரு நாள் சமையல் முறை. எங்கள் ரூமில் எந்த உதவிக்கும் விலை இந்தச் சமையல் முறைதான். உன் பெட்டியை நான் ஏர்போர்ட் வரைக்கும் தூக்கி வந்தால், என் முறைக்கு நீ ஒரு நாள் சமைக்கவேண்டும். முடி வெட்டிவிட்டால் அரை முறை (காய் நறுக்கினால் போதும்).

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் சபை கூடும். இனி வரப்போகும் மொபைலில் என்னென்ன இருக்கும், தமிழ்நாட்டில் அடுத்து யார், ரூபாய் ஏறுகிறதே திர்ஹம் என்ன ஆகும், காதல் கல்யாணம் நிலைக்குமா என்று எதையும் விடமாட்டோம். அதிகம் பேசுவது நான்தான். காஜா பாய் அடிக்கடி சொல்வார்: "தம்பி, நீ பேசுறதக் கேட்டா எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கு. எழுந்து போனப்புறந்தான் ஒண்ணுமே சொல்லலன்னு தெரியுது."

எனக்கு அப்போது முப்பத்தொன்று. மூன்று இடத்தில் ஜாதகம் பொருந்தியும் பெண் வீட்டார் பின்வாங்கியிருந்தார்கள். நாலாவதாக மன்னார்குடிப் பக்கம் மாலதி. போட்டோ வந்தது. பார்த்தேன். பிடித்தது. ஒரு வாரம் அந்த போட்டோ என் தலையணைக்கடியில் இருந்ததை ரூமில் யாருக்கும் சொல்லவில்லை (எல்லாருக்கும் தெரிந்திருந்தது). அப்புறம் அம்மா போன் செய்தாள்.

"டேய், அந்தப் பொண்ணு உன்கிட்ட ஒரு தடவ பேசிப் பாக்கணுங்குதுடா. கம்ப்யூட்டர்ல மூஞ்சி தெரியுமாம்ல, அதுல. பேசிப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லுவாளாம்."

"என்ன பேசணுமாம்?"

"எனக்கென்ன தெரியும்? எம்.ஏ. படிச்ச பொண்ணு. நாலு விஷயம் பேசத் தெரிஞ்ச மாப்பிள்ளையா இருக்கணுமாம்."

எம்.ஏ. என்ன பாடம் என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. 'நாலு விஷயம்' என்ற சொல் மட்டும் காதில் உட்கார்ந்துகொண்டது. அன்றே ரூமில் அவசரக் கூட்டம் போட்டேன். நாலு விஷயம் என்றால் நாலு தலைப்பு என்று முடிவானது. தொழில்நுட்பம் காஜா பாய். பொருளாதாரம் குகன். அரசியலும் நவீன கணவன் மனைவி உறவும் செல்வராஜ் அண்ணன். அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். லீவுகளையெல்லாம் கூட்டினால் மனைவியோடு சேர்ந்து இருந்தது இரண்டு வருஷம்கூட வராது. "அதனாலதான்டா சொல்றேன், இன்னி வரைக்கும் எங்களுக்குள்ள ஒரு சண்டை கெடயாது" என்றார். இதைவிடத் தகுதியான ஆள் எங்கே கிடைப்பார்?

கட்டணம், தலைப்புக்கு இரண்டு சமையல் முறை. ஆக எட்டு. அந்தப் பெண் கிடைத்தால் போதும், எண்பது முறைகூடச் சமைப்பேன் என்று மனதில் நினைத்துக்கொண்டு வெளியே பேரம் பேசினேன்.

ரூமில் நாங்கள் சேர்ந்து வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் அயர்ன் செய்த சட்டையோடு கேமரா முன்னால் உட்கார்ந்தேன் (கீழே லுங்கி). மூன்று ஆசிரியர்களும் மானிட்டருக்குப் பின்னால் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பேசவேண்டிய பாயிண்ட்டுகளை மொபைல் பெட்டி அட்டைகளில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தோம். தூக்கிக் காட்டும் பொறுப்பு குகனுடையது. "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றான். ஹெட்போன் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் மூன்று பேருக்கும் கேட்கவேண்டுமே, ஸ்பீக்கர்தான்.

மாலதி மன்னார்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தாள். படத்தில் அவள் மட்டும் தெரிந்தாள். பக்கத்தில் யாரோ அவ்வப்போது இருமிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்டீங்களா?" என்றாள்.

இதற்கு அட்டை தயாராகவில்லை. குகன் அவசரமாக ஒன்றைத் தூக்கினான். "டாலர் சரிவதால் உலகச் சந்தையில் ஒரு நிச்சயமற்ற நிலை நிலவுகிறது" என்று வாசித்தேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமா. திர்ஹம் டாலரோட சேர்த்துக் கட்டினதுதானே? டாலர் விழுந்தா அங்க சம்பளம் வாங்குறவங்களுக்குத்தான் கஷ்டம். அங்க விலைவாசியெல்லாம் ஏறிடுச்சா? எம்.ஏ.ல இதுதான் எனக்குப் பிடிச்ச பேப்பர்."

கட்டிலில் குகன் தலையில் கை வைத்துக்கொண்டான். பேச்சை மாற்றவேண்டி, அரசியலில் ஆர்வம் உண்டா என்று கேட்டுவைத்தேன். உண்டு. பெண்களுக்கு முப்பத்து மூணு சதவீதம் இடஒதுக்கீடு பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். குகன் கையில் கிடைத்த ஒரு அட்டையைத் தூக்கினான். அது காஜா பாயின் அட்டை. பயத்தில் யோசிக்கவே இல்லை, அப்படியே வாசித்தேன்.

"நம்ம வீட்டு உபயோகத்துக்கு அவ்வளவு தேவையில்ல. ரெண்டு மெகாபிக்சல் இருந்தாலே போதும்."

அங்கே ஒரு பெரிய இருமல் கேட்டது. மாலதி ஒரு கண் பாதி மூடி, வாய் கொஞ்சம் திறந்து, அப்படியே நின்றாள். நின்றாள் என்றால் நின்றேவிட்டாள். படம் அசையவில்லை. சத்தமும் இல்லை. "ஹலோ... ஹலோ..." என்றேன். காஜா பாய் எழுந்து வந்து மௌஸை ஆட்டிப் பார்த்தார்.

"லைன் போச்சு. கலாஸ்."

'முடிந்தது' என்று பொருள்படும் அந்த அரபுச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த அணை உடைந்துவிட்டது.

"எல்லாம் போச்சு பாய்! நட்டு போல்ட் எண்ணுறவனுக்கு எதுக்கு டாலரும் சந்தையும்? அந்தப் பொண்ணு எம்.ஏ. எக்கனாமிக்ஸாம், அதுக்கிட்டப் போயி நான் பொருளாதாரம் சொல்றேன்! பக்கத்துல உக்காந்து ஒரு ஆளு இருமுறாரே, அவங்கப்பாவாத்தான் இருக்கும். மூஞ்சியக் காட்டாம இருமியே மார்க் போடுறாரு மனுசன்!"

"விடு தம்பி, வேற எடம் பாக்கலாம்" என்றார் செல்வராஜ் அண்ணன்.

"வேற எடம் வேணாண்ணே. எனக்கு இந்தப் பொண்ணத்தான் பிடிச்சிருக்கு. அதான் இவ்ளோ பயமே. இல்லாட்டி எட்டு முறை சமைக்கிறேன்னு ஒத்துக்குவனா?"

"லூசுப் பயலே, நீ வைக்கிற மீன் கொழம்புக்குப் பக்கத்து ரூம் பாகிஸ்தான் பட்டாணிக்காரன்கூட தட்டோட வந்து நிக்கிறான். அதச் சொல்லியிருக்கலாம்ல? ஒனக்கு உருப்படியாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குறப்ப கொழம்பப் பத்தியாண்ணே பேசுவாங்க!"

அப்போதுதான் ஸ்பீக்கரில் ஓர் இருமல் கேட்டது.

நாலு பேரும் மானிட்டரைப் பார்த்தோம். படம் அப்படியேதான் இருந்தது, அதே பாதிக் கண்ணோடு. ஆனால் அதற்குள்ளிருந்து மாலதியின் குரல் வந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்ட குரல்.

"மீன் கொழம்புக்குப் புளி எவ்வளவு போடுவீங்க?"

என் உயிர் ஒரு நிமிஷம் ஸ்டோர் ரூமுக்குப் போய் ஒளிந்துகொண்டது. குகன் பழக்க தோஷத்தில் ஏதோ ஓர் அட்டையைத் தூக்கினான். செல்வராஜ் அண்ணன் அதைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் போட்டார்.

"எலுமிச்சம்பழ அளவு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "ஆனா மீனப் பொறுத்து. இங்க நெய்மீன்தான் அதிகம், அதுக்குக் கொஞ்சம் கம்மியாப் போடணும். புளிய வெந்நீர்ல ஊற வைக்கக் கூடாது. கொழம்ப எறக்கி ரெண்டு மணி நேரம் மூடி வச்சாத்தான் ருசி..."

அப்புறம் இருபது நிமிஷம் பேசினேன். அட்டை எதுவும் இல்லாமல், நாக்கு ஒட்டாமல், அசையாத ஒரு படத்தைப் பார்த்து. அவளும் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ஸ்டோரில் என்ன வேலை என்று கேட்டாள், நட்டு போல்ட்டைப் பற்றியும் சொன்னேன். தனக்குச் சமைக்க வராது என்றும், அதை மூன்று இடத்தில் சொல்லி மூன்றும் தட்டிப்போனது என்றும் சொன்னாள். அவளுக்கும் மூன்று! அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

கடைசியில் அவள் அப்பா பேசினார்.

"தம்பி, இருமலுக்கு மருந்து சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மார்க்கெல்லாம் போடல."

அடுத்த லீவில் கல்யாணம். அதற்கு முன்னால் எட்டு முறையையும் சமைத்துத் தீர்த்தேன். எட்டிலும் மீன் குழம்பே வைக்கவேண்டும் என்று செல்வராஜ் அண்ணன் நிபந்தனை போட்டார்.

பிறகு ஷார்ஜாவுக்கு மாறினோம். மகள் அங்கேதான் வளர்ந்தாள். பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் நான் தொண்டையைக் கனைத்து, "இந்த உலகப் பொருளாதாரம் இருக்கே..." என்று ஆரம்பித்தால் போதும். மாலதி ஒரு கண்ணைப் பாதி மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து, அப்படியே சிலையாகிவிடுவாள். "அப்பா, ஃப்ரோஸன்!" என்று கத்திவிட்டு மகளும் அதே போல நிற்பாள். மாமனார் வந்திருக்கும் நாட்களில் அவர் நிற்பதில்லை. இருமுவார்.

எவ்வளவு கெஞ்சினாலும் அசையமாட்டார்கள். அவர்களை அசைக்க ஒரே வழிதான் உண்டு. நான் எழுந்து சமையலறைக்குப் போய்ப் புளியை ஊறப் போடுவேன்.