பெரட்டு மணிக்கு ஐந்து வார்ப்பு

அச்சை உடைத்து மணியை வெளியே எடுத்ததும் புவனேசனுக்கு ஆப்பம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மேலெல்லாம் ஓட்டை.

"வெண்கலத்துல ஆப்பம் சுட்டிருக்கீங்க," என்றாள் மனைவி லோகேஸ்வரி.

"அச்சு மண்ணுல ஈரம் ஜாஸ்தி. ஆவி வெளிய போக வழியில்லாம உள்ளயே குமிழாயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை கோலசிலாங்கூர் மண்டபத்தில் பழைய ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளின் ஒன்றுகூடல். தோட்டம் எப்போதோ வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. "நம்ம பெரட்டு மணிய அப்படியே வார்த்துத் தரேன்" என்று வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தான், வார்ப்புப் பட்டறைக்காரனான புவனேசன். வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்கு அந்த மணி அழைக்கும். விடியாத இருட்டில் அது கேட்டதும் அம்மா கோப்பி ஆற்றுவாள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே இருமிக்கொண்டு எழும். அந்தச் சத்தத்தை அவன் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும்.

மண்ணை நன்றாகக் காய வைத்தான். காய்ந்த மண் பிடிப்பில்லாமல் உதிர்ந்து உலோகத்தோடு கலந்தது. இரண்டாவது மணி, பலாப்பழம்.

மண் உதிரக்கூடாதென்று மூன்றாவதை மெதுவாக ஊற்றினான். இரு பக்கமாகச் சுற்றி வந்த உலோகம் சந்திப்பதற்குள் ஆறிப்போய் ஒட்டவில்லை. நெடுக ஒரு கோடு. தட்டினால் 'டொக்'.

"சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரில்ல நிக்குது! நம்ம மணி 'ணங்ங்'னு பக்கத்து ஊரு செகிஞ்சான் வரைக்கும் கேக்கும்லா!" என்றாள் அதே தோட்டத்தில் வளர்ந்த லோகேஸ்வரி.

நான்காவதைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினான். ஆறும்போது உலோகம் அளவுக்கு மீறிச் சுருங்கி, மணியின் தலையில் பெரிய குழி விழுந்தது.

"கஞ்சி குடிக்கலாம்," என்றாள் லோகேஸ்வரி.

சனிக்கிழமை. புது மண், அளவான சூடு, சுருங்கும் இடத்தை நிரப்ப மேலே ஒரு குழாய் நிறைய உலோகம். ஐந்தாவது மணியைத் தட்டினான்.

'ணங்ங்ங்...'

லோகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அதேதாங்க."

மறுநாள் மண்டபத்தில் மணி ஒலித்ததும் முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். "அச்சு அசல் அதே சத்தம்!" என்று யாரோ விம்மினார்கள்.

அந்தக் காலத்தில் தினமும் பெரட்டுக்கு அடித்த கங்காணி, மண்டோர் செல்லையாவை மேடைக்குக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். கிழவர் மணியை ஒரு சுற்று சுற்றி வந்தார். தடவிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு மண்டோரய்யா?" என்று கேட்டான் புவனேசன்.

"ஜோரா இருக்கு தம்பி. ஆனா நம்ம தோட்டத்துல ஏதுப்பா மணி? நான் அடிச்சது தண்டவாளத் துண்டு. இப்ப என் கோழிக்கூண்டுக்கு அதான் முட்டு!"