சம்பந்தி வீட்டுக் கள்ளி

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வராது. அப்பாவிடம் தாம்பரம் ஸ்டேஷனில் யாராவது வழி கேட்டால், போகாத ஊருக்கும் வழி சொல்லி அனுப்புவார். நான் அவருக்குத் தப்பாமல் பிறந்தவள். செடிகளோடு எனக்கு அப்போது இருந்த பழக்கம், ரசத்துக்குக் கறிவேப்பிலை பறித்தது மட்டும்தான். ஆனாலும் யாராவது கேட்டிருந்தால் தோட்டக்கலை பற்றி மூச்சு விடாமல் பேசியிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம். கிண்டியில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. சிட்லபாக்கத்து ஜெயராஜுக்கும் எனக்கும் நிச்சயமாகி, கிறிஸ்துமஸ் கழிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அவருடைய அம்மா கணக்கு டீச்சர். மகளின் பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டைக்குப் புறப்படும் முன், அத்தை ஒரு சின்ன மண்தொட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தொட்டியில் ஓர் உருண்டைக் கள்ளி. அதன் இடுப்பைச் சுற்றிச் சுண்டைக்காய் அளவில் குட்டிகள்.

"ஜெயராஜ் எதையாவது தேடுறேன்னு தட்டி விட்டுடுவான். இதுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, ஒரு ஓரமா வெச்சுட்டா போதும்" என்றார்கள்.

நம் ஊரில் ஒருவர் ஒன்றும் வேண்டாம் என்றால் அதை யார் நம்புகிறார்கள்? வந்தவர் காபி வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பால் அடுப்பில் ஏறிவிட வேண்டும். அத்தை சொன்னதும் அந்த மாதிரி மரியாதைப் பேச்சு என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். அத்தை தெரு முனை திரும்புவதற்குள் அம்மா தொட்டியைக் கவலையோடு பார்த்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுச் செடி. இத்தனூண்டு சட்டியில நெருக்கியடிச்சிட்டு இருந்தா, நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நான் உடனே நிபுணரானேன். பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும், நல்ல மண் போட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். (கள்ளிக்கு நெருக்கமான தொட்டிதான் சுகம் என்பதும், அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்க்கும்போதுதான் அதை மாற்ற வேண்டும் என்பதும், மழைக்காலத்தில் அதன் பக்கமே போகக்கூடாது என்பதும் இப்போது எனக்குத் தலைகீழ்ப் பாடம். அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மண் குளிர்ந்திருக்கிறது, நல்ல நேரம் என்றேன்.)

சம்பந்தி வீட்டுச் செடிக்கு மண்தொட்டியா என்று அம்மா தன் கல்யாணச் சீராக வந்த பீங்கான் ஊறுகாய் ஜாடியைக் காலி செய்து கொடுத்தாள். ஊறுகாய் ஜாடியில் ஓட்டை இருக்காது. இருந்தால் அது ஊறுகாய் ஜாடியே இல்லை. இந்த எளிய உண்மை எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. ஏரியிலிருந்து களிமண் கொண்டுவந்து, சாணம் சேர்த்துப் பிசைந்தேன். அப்பாவின் துண்டால் கள்ளியைப் பிடித்து இழுத்ததில் குட்டிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பார்க்க மரு மாதிரி இருந்ததால், தொலைந்தது சனியன் என்று அவற்றைப் பழைய மண்ணோடும் தொட்டியோடும் கொல்லையில் செங்கல் கொட்டிக் கிடந்த மேட்டில் எறிந்தேன். பாதி முள் கள்ளியிடமும் மீதி என் விரல்களிலும் இருந்தது. அந்த வாரம் நான் டைப் அடித்த கடிதங்களைப் படித்த மேனேஜர், உடம்பு சரியில்லையா என்று அன்பாக விசாரித்தார்.

பிறகு உபசாரம் ஆரம்பமானது. காலையில் அரிசி களைந்த தண்ணீர், மத்தியானம் மீன் கழுவிய தண்ணீர், சாயங்காலம் பால் பாத்திரம் அலசிய தண்ணீர். போதாததற்குத் தாம்பரத்து அடைமழை. கள்ளி உப்பிப் பளபளத்தது. "கன்னம் வெச்சிருக்கு பாரேன்" என்று அம்மா பூரித்தாள். நான் மின்சார ரயிலில் கூட வரும் பெண்களிடம் தினமும் அதன் வளர்ச்சியை அறிவித்தேன். அவர்களும் பாவம், கேட்டுக்கொண்டார்கள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல நினைப்பவர்கள் சொல்லலாம் என்று போதகர் அறிவித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதற்கு முந்தின சாயங்காலம் ஊரிலிருந்து திரும்பிய அத்தை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

நான் ஜாடியை இரண்டு கையாலும் ஏந்தி, மணப்பெண்ணை அழைத்து வருவதுபோல அலுங்காமல் கொண்டுவந்து வைத்தேன். அத்தை குனிந்து ஒற்றை விரலால் மெல்லத் தொட்டார்கள். கள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு தலை தனியாகக் கழன்று, உள்ளேயிருந்த கூழ் மொத்தத்தையும் அத்தையின் வெளிர்நீலப் புடவையில் கொட்டிவிட்டுத் தரையில் விழுந்தது. அந்த நாற்றத்தில் மீன் இருந்தது, சாணம் இருந்தது, இரண்டு மாதத்து அன்பு இருந்தது.

"மழை ஜாஸ்தி, சம்பந்தி" என்றாள் அம்மா.

அத்தை புடவையைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தார்கள். "கல்யாணமான புதுசுல அவர் கொடைக்கானல்லேர்ந்து மடியில வெச்சு எடுத்துட்டு வந்தது. அவர் போனப்புறம் அதைப் பார்த்துட்டுத்தான் காபி குடிப்பேன்" என்றார்கள். கோபப்படவே இல்லை. காபி வேண்டாம் என்று கிளம்பினார்கள். அன்று பால் அடுப்பில் ஏறவில்லை.

மறுநாள் கோயிலில் போதகர் மூன்றாவது ஓலையை வாசித்து நிறுத்தினார். முன் வரிசையில் அத்தை எழுந்து நின்றார்கள். என் கல்யாணம் ஒரு கள்ளியால் நின்றது என்று முடிவே செய்துவிட்டேன். பக்கத்தில் அம்மா ஜெபப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். போதகரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை, தாமதமாக வந்த ஒரு குண்டு அம்மாவுக்கு வழி விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும், தொட்டியையாவது கொடும்மா என்று கேட்டார்கள். கொல்லைக்குக் கூட்டிப்போனேன். செங்கல் மேட்டில், ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே சாரல் மட்டும் படும் இடத்தில், நான் எறிந்த குட்டிகள் செங்கல் தூளில் வேர் பிடித்து, ஒவ்வொன்றும் நெல்லிக்காயாக விறைத்து நின்றன. யாரும் ஊற்றவில்லை, யாரும் உபசரிக்கவில்லை. அத்தை அப்படியே உட்கார்ந்து அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கண் கலங்கியிருந்தது.

எங்கள் குடும்ப ரத்தம் சும்மா இருக்குமா? "குட்டிங்களைத் தனியா எடுத்து, காத்தோட்டமா வெச்சேன் அத்தை" என்றேன்.

அத்தை குட்டிகளைப் பார்த்தார்கள், பக்கத்தில் கிடந்த வாழைப்பழத் தோலையும் உடைந்த துடைப்பத்தையும் பார்த்தார்கள், கடைசியாக என்னைப் பார்த்தார்கள். "ரொம்பக் காத்தோட்டம்தான்" என்றார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கியவர்களுக்கு நிறுத்த முடியவில்லை. கல்யாணம் நடந்தது.

அந்தக் குட்டிகளின் வாரிசுகள் இன்று எங்கள் உறவில் கால்வாசி வீடுகளில் இருக்கின்றன. எல்லாம் என் கையால் மாற்றி வைத்தவை. பங்குனி வெயிலில், சின்னத் தொட்டியில், பாதிக்குப் பாதி மணலும் செங்கல் தூளும் போட்டு, வேர்க்காயம் ஆறும்வரை சொட்டுத் தண்ணீர் காட்டாமல். ஒன்றுகூட அழுகியதில்லை என்பதை அடக்கத்தோடு சொல்ல முடியாது, ஆகவே பெருமையோடே சொல்கிறேன். வீட்டில் யாராவது பிள்ளையை அளவுக்கு மீறித் தாங்கினால், "அவனைக் கொஞ்ச நாள் செங்கல் மேட்டுல போடு" என்று இப்போதும் குரல் வரும்.

அத்தை இருந்தவரை புதிதாக வருபவர்களிடம் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்தினார்கள்: "இவ என் மருமக. எதை வேணா நம்பிக் குடுக்கலாம், தூக்கி எறிஞ்சாக்கூட நல்லா வளரும்."