பெல்டன் க்ரீக்கில் வறுமை ஒழிந்த விதம்

வறுமையை ஒழிக்கிறேன் என்று கிளம்பிய மன்னர்கள், மகான்கள், ஜனாதிபதிகள் எல்லோரும் மண்ணைக் கவ்வினார்கள். அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கத்துப் பெல்டன் க்ரீக் பள்ளிக்கூடம் மட்டும் ஒரே மாதத்தில் சாதித்துக் காட்டியது. போன வருஷம் அங்கே நூற்றுக்கு எழுபத்தொரு பிள்ளைகள் ஏழைகள். இந்த வருஷம் ஆறு.

இலவச மதியச் சாப்பாட்டுக்குப் படிவம் போட்டால் ஏழை, போடாவிட்டால் ஏழை இல்லை. அதுதான் அளவுகோல்; ஏழை இல்லாதவர்கள் காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். இதுநாள்வரை படிவம் பிள்ளைகளின் பையில் வீட்டுக்குப் போய், காப்பிக் கறையோடு திரும்பி வரும். கல்வி அதிகாரி க்ளேபர்ன் ராட்லிஃப் அந்தக் 'காட்டுமிராண்டித்தனத்தை' நிறுத்திப் படிவத்தை இணையத்தில் ஏற்றினார். சிக்னல் எட்டிப்பார்க்காத மலைச்சரிவு வீடுகளிலெல்லாம் அன்றே செல்வம் கொழிக்கத் தொடங்கியது.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு எடுத்துக் கொடுக்கும் வெர்னா டாக்கெட்டுக்கு மட்டும் இந்தச் சுபிட்சம் பிடிபடவில்லை. பத்தொன்பது வருஷமாக முகத்தைப் பார்த்தே பசியைக் கண்டுபிடிக்கிற, புள்ளிவிவரம் தெரியாத ஜென்மம்.

"ஏன்டி மெக்கென்னா, தட்டு எடுக்கல?"

"பசிக்கல வெர்னாம்மா," என்றது மூன்றாம் வகுப்புப் பெண், சோளரொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கு மட்டும் நாற்பது பேருக்குப் 'பசிக்கவில்லை'. வெர்னா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். நேரே அதிகாரி அறைக்குப் போனாள்.

"சார், நெட்டே இல்லாத வீட்டுக்காரங்க எப்படிப் படிவம் போடுவாங்க?"

"அதையும் யோசிச்சிருக்கோம்மா. நெட் இல்லன்னு புகார் சொல்ல நம்ம இணையதளத்துலயே தனிப்பக்கம் வெச்சிருக்கு."

"எத்தனை புகார் வந்துச்சு?"

"ஒண்ணுகூட வரல. அப்போ எல்லார் வீட்லயும் நெட் இருக்குன்னுதானே அர்த்தம்?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெர்னா பழைய படிவங்களை அச்செடுத்துக்கொண்டு தன் லொடலொட வண்டியில் மலையேறினாள். ஒரு தகப்பன் முறைத்தான்.

"பிச்சைக் காயிதமா? எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"உனக்கு யாருப்பா குடுக்கறா? உன் பொண்ணு திங்கறதுக்கு. கையெழுத்தப் போடு."

போட்டான். திங்கட்கிழமை அதிகாரியின் மேஜையில் இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் இருந்தன. மறுவாரம் தலைநகரில் அவருக்கு வறுமை ஒழிப்பு விருது. மனுஷர் வெளிறிப்போனார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! ஒரே நாள்ல இருநூத்திப் பன்னெண்டு பேரை ஏழையாக்கிட்டீங்களே."

"நான் எங்க சார் ஆக்கினேன்? போகும்போதே அப்படித்தான் இருந்தாங்க."

விசாரணைக் குழு மூன்று முறை கூடி, இரண்டு முறை டோனட் சாப்பிட்டு, 'ஒழிக்கப்பட்ட வறுமையை முன்னனுமதியின்றி ஊருக்குள் கொண்டுவந்த' குற்றத்துக்காக வெர்னாவை வேலையிலிருந்து நீக்கியது. காகிதப் படிவம் செல்லாது என்று கட்டி மூலையில் போட்டார்கள். ராட்லிஃப் விருதை வாங்கினார், கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பெல்டன் க்ரீக்கில் இன்றைக்கும் ஏழைகள் நூற்றுக்கு ஆறு பேர்தான். மற்றதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகள். மத்தியான மணி அடித்ததும் தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் போய் நின்று, வயிறு நிறைகிறவரை குடித்துவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள்.