வலி நின்ற பல்

எனக்கு வாய் ஜாஸ்தி. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அந்த வாயை நம்பித்தான் ஐம்பதுகளின் கடைசியில், கொச்சி வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனிக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு மனுப் போட்டேன். அப்பா போன பிறகு மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு அந்த வேலையை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தது.

இன்டர்வியூவுக்குப் பத்து நாள் முன்னால் கடைவாய்ப் பல் வலி ஆரம்பித்தது. கிராம்பை மென்று மென்று, எங்கள் தெரு மிளகுக் கிடங்குகளையே தோற்கடிக்கும் வாசனை என்னிடமிருந்து வந்தது. அம்மா தேவிக்கு வெள்ளிப் பல் நேர்ந்துகொண்டாள். எட்டாம் நாள் வலி சட்டென்று நின்றது.

"கேட்டியோடீ, தேவி கண் திறந்துட்டா" என்று அம்மா அன்றைக்கே வெள்ளிப் பல்லைச் சாத்திவிட்டு வந்தாள். பல் டாக்டரிடம் போவதை நான் ரத்து செய்தேன்.

இன்டர்வியூ காலையில் இடது கன்னம் லேசாகப் பூசினாற்போல் இருந்தது. (அழகு கூடியிருக்கிறது என்று நினைத்தேன். அசடு.) படகு அக்கரை சேர்வதற்குள் கன்னம் கொழுக்கட்டை ஆகியிருந்தது. வாய் அரை விரல்கூடத் திறக்கவில்லை.

"கொறச்சு நம்பர் வாயிக்கூ" என்று அதிகாரி ஒரு தாளை நீட்டினார். வாசிக்க முயன்றேன். குரலுக்குப் பதில் எச்சில்தான் வந்தது, அவர் தாளின் மேலேயே. வேலை போயிற்று என்று அங்கேயே அழுதுவிட்டேன். அவர் தாளைத் துடைத்துக்கொண்டு, "கரயண்டா குட்டி. டாக்டரெக் காணிச்சிட்டு அடுத்த ஆழ்ச்ச வா" என்றார். அழாதே, அடுத்த வாரம் வா என்கிறார்! அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும்.

பல் டாக்டர் மலையாளி, ஆனால் தமிழில் திட்டத் தெரிந்தவர். "வலி நின்னா பல் சரியாச்சுன்னு யார் சொன்னா? நரம்பு செத்துப்போச்சு. கிருமி வந்தா நரம்பு கத்தும். ரத்தத்தில உள்ள வெள்ளை அணுக்களைக் கூப்பிடறதிலயும் அதுக்குப் பங்கு உண்டு. கத்தறது செத்தாலும் வேருக்கடியில கிருமியோட அந்த அணுக்கள் போடற சண்டை நிக்கலை. இந்த வீக்கமே அந்தச் சண்டைதான். வாயைத் திற."

"வெள்ளிப் பல்லைத் திருப்பிக் கேக்க முடியுமோ?" என்று அம்மா வாசலில் முணுமுணுத்தாள். பல் போயிற்று, வேலை அடுத்த வாரம் கிடைத்தது.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரிடம் சொன்னது என் தப்பு. நான் கத்துகிற நாளெல்லாம் அவர் நிம்மதியாகப் பேப்பர் படிப்பார். நான் கோபத்தில் பேசாமல் இருந்தால்தான் அவருக்குப் பயம். மெல்லக் கிட்டே வந்து என் கன்னத்தைப் பார்ப்பார்.

"கத்திடு, கமலு. உள்ளே வெச்சுண்டா வீங்கும்."