அக்னி மூலையும் எஃப்-12ம்

ராஜாராமன் கம்ப்யூட்டர் பட்டனை அழுத்திவிட்டு ஓடினார். பன்னிரண்டடி தாண்டி மேஜையை அடைந்து எஃப்-12 மேல் விரல் வைத்தபோது, திரையில் ஏரியும் மலையும் வந்துவிட்டிருந்தன.

"ஆறாவது தடவை. தோல்வி," என்று நோட்டில் எழுதினார். ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்த பழக்கம், அறுபத்தெட்டு வயதிலும் போகவில்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு, மனைவி கல்பகத்தை ஒரு வார்த்தை கேட்காமல், கடைக்காரர் செல்லப்பாவை ஹைதராபாத் தார்நாகா வீட்டுக்கு வரவழைத்து கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் போட்டார். கல்பகம் ஞாயிறுதோறும் அந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித்தருகிறாள். பதினோரு வருஷப் பாடங்களும் பழைய டிஸ்கில். அது பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றிலிருந்து கல்பகமும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பேச்சுவார்த்தையெல்லாம் சமையல்காரி தங்கம் மூலம்தான்.

இன்று ஞாயிறு. மத்தியானம் தங்கம் வந்து சொன்னாள். "அய்யா, பழைய டிஸ்க்குல இருந்து கம்ப்யூட்டர கிளப்பினாத்தான் பாடம் வருமாம். அஞ்சு மணி வகுப்புக்குள்ள வரலேன்னா வகுப்பே இல்லியாம். அம்மா சொல்லச் சொன்னாங்க."

ராஜாராமன் செல்லப்பாவுக்கு ஃபோன் போட்டார். "ரீஸ்டார்ட் போதாது, மொத்தமா அணைச்சிடுங்க சார். பட்டனை அழுத்தின மறு செகண்டு எஃப்-12. பூட் மெனு வந்து எந்த டிஸ்க்னு கேக்கும், பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்க. புது டிஸ்க் ரொம்ப ஸ்பீடு, விட்டா போச்சு," என்றார் அவர்.

அந்த மறு செகண்டில்தான் சிக்கல். மின்சாரப் பெட்டி அக்னி மூலையிலும், படிப்பவர் ஈசான்யத்திலும் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருந்தார். அதனால் சிபியு தென்கிழக்கில், திரையும் கீபோர்டும் வடகிழக்கில். நடுவே ஒயர்கள் சுவரோடு க்ளிப் அடிக்கப்பட்டு ஓடின. ஓர் ஆள் போதாது.

"தங்கம், அம்மாவைக் கீபோர்டு முன்னால உட்காரச் சொல்லு."

கல்பகம் வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நான் பட்டனை அழுத்தறேன்னு சொல்லு," என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார்.

"அம்மா, அய்யா பட்டனை அழுத்துறாராம்."

"நான் எதை அழுத்தணும்னு கேளு."

"அய்யா, அம்மா எதை அழுத்தணும்?"

"எஃப்-12."

"எஃப்-12ஆம், அம்மா."

அதற்குள் ஏரியும் மலையும் வந்துவிட்டன. 'செய்தி போக ஐந்து செகண்டு. மெஷினுக்கு ஒரு செகண்டு,' என்று ராஜாராமன் குறித்துக்கொண்டார். தூது போகிற வேகத்தில் பூட் மெனு வராது என்று புரிந்தது. வேறு வழி தோன்றவில்லை.

"தங்கம், நீயே அழுத்து."

"நக்கோ அய்யா, வேணாம், எனக்குப் பயம்."

ஆனாலும் உட்கார்ந்தாள். முன்ஜாக்கிரதையாக, அவர் பட்டனுக்குப் போகும் முன்பே சப்பாத்தி மாவை அழுத்துகிற மாதிரி எஃப்-12ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தி, கீபோர்டில் கோளாறு என்று சொல்லி நின்றுவிட்டது.

வாஸ்து போனால் போகட்டும் என்று சிபியுவையே மேஜைப் பக்கம் இழுத்தார். நாலு க்ளிப்பும் ஒரு கை சிமெண்டும் பெயர்ந்து விழுந்தன. திரை இருண்டது.

"சுவத்தையும் பேத்தாச்சான்னு கேளு, தங்கம்," என்றாள் கல்பகம்.

ராஜாராமன் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்து, ஒயரைச் சொருகி, கோபத்தில் இரண்டு தடவை பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். கம்ப்யூட்டர் தன்னைத்தானே பழுதுபார்க்க ஆரம்பித்தது. இருபது சதவீதம். முப்பது சதவீதம். முடிந்தபோது மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம்.

அணைத்தார். கல்பகம் மறுபடி வந்து உட்கார்ந்தாள். அதே சுவர், அதே முதுகு. தங்கம் பால் பொங்குகிறது என்று சமையலறைக்குப் போய்விட்டாள். தூதுக்கு ஆள் இல்லை.

ராஜாராமன் அக்னி மூலையில் நின்றார். பயமாக இருந்தது. இந்த வகுப்பும் போனால், இந்த வீட்டில் பேச்சு எப்போது திரும்பும்? சர்வீஸில் அவர் செய்த தப்புகளையெல்லாம் ஃபைலில் எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். வாயால் ஒருதடவையும் சொன்னதில்லை.

"கல்பகம்."

முதுகு அசையவில்லை.

"உன்னைக் கேட்டிருக்கணும். கேக்காம பண்ணினது தப்பு. உன் பதினோரு வருஷ உழைப்பு அதுல இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லை."

கல்பகம் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இப்போ அழுத்தறேன். இப்போ."

அவள் விரலும் அதே நொடியில் இறங்கியது. கறுப்புத் திரையில் இரண்டே வரி: புது டிஸ்க், பழைய டிஸ்க்.

"ஏன்னா, வந்துடுத்து," என்றாள். ராஜாராமன் நோட்டில் எழுத மறந்து அங்கேயே நின்றார். பன்னிரண்டு நாளில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

தங்கம் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"அம்மா, அய்யாதான் பேசிட்டாரே. செல்லப்பா அன்னிக்கே பாடமெல்லாம் போட்டு உங்ககிட்ட குடுத்த பென் டிரைவை, பருப்பு டப்பாவுல இருந்து இப்ப எடுத்துடவா?"